யாரோடு சேர்த்துப் பார்த்த கணக்கு?

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த இரவு, எங்கள் வீட்டில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். வெளியே நாவலப்பிட்டிக்கே உரிய மழை. இணையப் பக்கம் சுற்றிச் சுற்றி நின்றதே தவிர திறக்கவில்லை. பதினொரு மணியளவில்தான் திறந்தது. கணக்கீடு பி, பொருளியல் பி, வணிகப் புள்ளிவிபரவியல் ஏ. அதன் கீழே இசட் புள்ளி என்று ஒரு தசம எண். ஒன்றுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே.

உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தசம எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மகள், இது நூற்றுக்கு எத்தினை?"

"இது நூற்றுக்கு இல்ல வாப்பா."

"அப்ப எத்தினைக்கு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. புள்ளிவிபரவியலில் ஏ எடுத்த பிள்ளை நான். இசட் அட்டவணையைப் பார்த்து எத்தனையோ கணக்குச் செய்திருக்கிறேன். ஆனால் என் வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போகும் அந்த ஓர் எண் என்ன சொல்கிறது என்று, சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திய என் வாப்பாவுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. "நல்ல புள்ளி வாப்பா" என்று மட்டும் சொன்னேன். அது போதாது என்பது அவருக்கும் தெரிந்தது.

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

செவ்வன் பரம்பலை எங்களுக்குப் படிப்பித்த டீச்சர் முதல் நாள் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. ஆளுக்கொரு நாணயம் எடுக்கச் சொன்னார். "பத்துத் தரம் சுண்டுங்க. இலக்கம் உள்ள பக்கம் எத்தனை தரம் விழுது என்று எழுதுங்க." வகுப்பு கொஞ்ச நேரம் சந்தைபோல் இருந்தது. பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல, டீச்சர் பலகையில் புள்ளடி போட்டுக்கொண்டே போனார். ஐந்து என்ற இடத்தில் புள்ளடிகள் உயர்ந்தன. நான்கிலும் ஆறிலும் அதற்கு அடுத்தபடி. இரண்டிலும் எட்டிலும் ஒன்றிரண்டு. பத்துக்குப் பத்து ஒருவருக்கும் விழவில்லை.

யாரும் திட்டமிட்டு அந்த உருவத்தை அமைக்கவில்லை. ஆனாலும் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் ஒரு மணி உருவம் பலகையில் வந்து நின்றது. காரணத்தை டீச்சர் எண்ணிக் காட்டினார். பத்துத் தரம் சுண்டினால் வரக்கூடிய வரிசைகள் 1024. அவற்றில் பத்தும் இலக்கமாக விழும் வரிசை ஒன்றே ஒன்று. சரி ஐந்து விழும் வரிசைகள் 252. நான்கு, ஐந்து, ஆறு மூன்றையும் சேர்த்தால் 672, அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. நடுவுக்கு வரப் பல வழிகள் உண்டு. ஓரத்துக்குப் போக வழி குறைவு. சுண்டும் தரத்தைக் கூட்டக் கூட்ட இந்தப் படிக்கட்டு உருவம் ஒரு சீரான வளைகோட்டை நெருங்கும் என்பதை ஆபிரகாம் டி மோய்வர் என்ற கணித அறிஞர் 1733 இலேயே காட்டிவிட்டார்.

அன்று அதை ரசித்தேன். ஆனால் அது நாணயத்தோடு முடிந்துபோகும் விசயம் என்றுதான் நினைத்தேன். மணி உருவம் எங்கள் கடையிலேயே பல வருடங்களாக இருந்ததை நான் கவனித்ததில்லை.

வாப்பாவுக்குப் பஸாரில் ஒரு சின்னப் புடவைக் கடை. மாதம் ஒரு முறை கொழும்பு புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போவார். போவதற்கு முந்திய இரவு ஒரு துண்டுத் தாளில் கணக்கு எழுதுவார். பெறுபேறு வந்து இரண்டு கிழமை கழித்து அப்படி ஒரு தாள் என் கண்ணில் பட்டது. அபாயா இரண்டு டசின்: 50 இல் இரண்டு, 52 இல் ஆறு, 54 இல் எட்டு, 56 இல் ஆறு, 58 இல் இரண்டு.

தாளைப் பார்த்தபடி நின்றேன். டீச்சர் பலகையில் போட்ட அதே உருவம்.

"வாப்பா, ஏன் எல்லாச் சைஸிலயும் ஒரே கணக்கா எடுக்கல்ல?"

"எடுத்தா விக்குமா? நடு உயரத்து ஆக்கள்தானே கூட. ரொம்பக் கட்டையும் ரொம்ப நெட்டையும் குறைவு."

பெல்ஜியம் நாட்டு அறிஞர் அடோல்ப் கெட்டலே 1846 இல் வெளியிட்ட நூலில் 5,738 ஸ்கொட்லாந்துப் படைவீரர்களின் மார்பளவுகளை ஆராய்ந்திருக்கிறார். நாற்பது அங்குலத்தை அண்டிய இடத்தில் ஆட்கள் குவிந்திருந்தார்கள். இரு பக்கமும் போகப் போக எண்ணிக்கை சரிந்தது. நாணயக் கணக்கில் வந்த வளைகோடு மனித உடம்பின் அளவுகளிலும் இருப்பதை அவர் காட்டினார். அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே என் வாப்பா அதே உண்மையை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

அந்தத் தாளை வைத்துத்தான் அவருக்கு இசட் புள்ளியை விளங்கப்படுத்தத் தொடங்கினேன்.

முதலில் இடை. அது சராசரிதான். அபாயாக் கணக்கில் 54. அடுத்தது நியம விலகல். இடையிலிருந்து ஆட்கள் பொதுவாக எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார்கள் என்பதன் அளவு அது. இது வாப்பாவுக்கு உடனே பிடிபடவில்லை. அதனால் பஸ்ஸையும் ரயிலையும் இழுத்தேன்.

"காலையில ஏழு மணி பஸ் நாளும் இரண்டு மூன்று நிமிசத்துக்குள்ள வந்துடும் என்று வைங்க. ஒரு நாள் பத்து நிமிசம் பிந்தினா என்ன நினைப்பீங்க?"

"எங்கயோ மண் சரிஞ்சு போச்சு என்று நினைப்பேன்."

"அரை மணித்தியாலம் முன்னப் பின்ன வாற ரயில் பத்து நிமிசம் பிந்தினா?"

"அது பிந்தினதே இல்ல."

அதே பத்து நிமிடம். ஆனால் பஸ்ஸுக்கு அது பெரிய விலகல், ரயிலுக்கு அது ஒன்றுமில்லை. வழமையாக எவ்வளவு ஏறி இறங்கும் என்று தெரிந்தால்தான் ஒரு வித்தியாசம் பெரிதா சிறிதா என்று சொல்லலாம். நியம விலகலின் வேலை அவ்வளவுதான்.

பிறகு பரீட்சைக்கு வந்தோம். கற்பனைக்கு ஒரு கணக்கு. கணக்கீட்டில் ஒரு பிள்ளைக்கு 80 புள்ளி, எல்லாருடைய இடை 60, நியம விலகல் 20. அவள் இடையைவிட 20 புள்ளி மேலே நிற்கிறாள். அதை 20 ஆல் வகுத்தால் இசட் புள்ளி ஒன்று. புள்ளிவிபரவியலில் அதே பிள்ளைக்கு 58 தான். ஆனால் அங்கே இடை 42, நியம விலகல் 8. இடையைவிட 16 மேலே. 8 ஆல் வகுத்தால் இரண்டு. 80 எடுத்த பாடத்தைவிட 58 எடுத்த பாடத்திலேதான் அவள் மற்றவர்களை அதிகம் முந்தியிருக்கிறாள். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுப்பதுதான் தாளில் வரும் அந்தத் தசம எண்.

எங்கள் நாட்டில் 2001 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலிருந்து இந்த முறை பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படுகிறது. இதை முன்வைத்தவர் இங்கிருந்து அதிக தூரமில்லாத பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். அதற்கு முன்பு பாடங்களின் புள்ளிகளை அப்படியே கூட்டினார்கள். கடினமான வினாத்தாள் வந்த பாடத்தை எடுத்த பிள்ளைக்கு அது நட்டம். அந்த நட்டத்தைக் குறைக்கத்தான் இசட் புள்ளி வந்தது.

இந்த இடத்தில் தங்கைமாருக்கும் பெற்றோருக்கும் இரண்டு விசயம் சொல்லிவிடுகிறேன். என் தோழி ஒருத்தி மூன்று பாடத்திலும் சித்தியடைந்திருந்தாள். ஆனால் அவளுடைய இசட் புள்ளிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தது. "பூச்சியத்துக்கும் கீழயா?" என்று அவளுடைய உம்மா அழுததைப் பார்த்தேன். இசட் புள்ளியில் பூச்சியம் என்பது இடை. கழித்தல் குறி, இடைக்குக் கீழே நிற்கிறாள் என்று மட்டுமே சொல்கிறது. எந்தப் பரீட்சையிலும் பெருந்தொகையானோர் இடைக்குக் கீழேதான் இருப்பார்கள். அவர்கள் பூச்சியம் எடுத்தவர்கள் அல்லர்.

மற்றது, பரம்பல் செவ்வனாக இருந்தால் இடைக்கு இரு பக்கமும் ஒரு நியம விலகலுக்குள் ஏறத்தாழ 68 வீதம் பேரும், இரண்டுக்குள் 95 வீதம் பேரும், மூன்றுக்குள் 99.7 வீதம் பேரும் அடங்குவார்கள். நான் பெறுபேறு வந்த இரவே அட்டவணையைத் திறந்து என் எண்ணைப் பொருத்தி, இத்தனை வீதம் பேரை முந்திவிட்டேன் என்று கணக்குப் போட்டேன். அது பிழை. எல்லாப் பாடத்தின் புள்ளிகளும் அழகான மணி உருவத்தில் விழ வேண்டும் என்று சட்டமில்லை. இசட் புள்ளி கணிப்பதால் ஒரு பரம்பல் செவ்வனாக மாறிவிடுவதும் இல்லை. போதாக்குறைக்கு அந்த எண் மூன்று பாடங்களின் சராசரி. சராசரி எடுக்கும்போது விலகல் சுருங்கும். ஏ எடுத்த பிள்ளை இதை மறந்துவிட்டாள்.

நான் எல்லாம் சொல்லி முடித்த பிறகு வாப்பா தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"சரி மகள். அப்ப இது யாரோட சேர்த்துப் பார்த்த கணக்கு?"

"அந்த வருசம் அந்தப் பாடத்துக்குத் தோற்றின எல்லாரோடயும்."

"எல்லாரும் என்றா, கொழும்புப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையுமா?"

"ஓம் வாப்பா."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கேள்வி மட்டும் எனக்குள்ளே தங்கிவிட்டது.

சில மாதங்களின் பின் வெட்டுப்புள்ளிகள் வெளிவந்தன. நான் விரும்பிய முகாமைத்துவக் கற்கைநெறிக்கு கண்டி மாவட்ட வெட்டுப்புள்ளியை என் எண் தொடவில்லை. ஹட்டனில் இருக்கும் என் சாச்சியின் மகள் எனக்கு இரண்டு மாதம் இளையவள். அதே பாடங்கள். அவளுடைய இசட் புள்ளி என்னுடையதைவிடக் குறைவு. அவளுக்கு நுவரெலியா மாவட்டத்தில் இடம் கிடைத்தது.

அவள் அன்று மாலையே அழைத்தாள். நான் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஒன்பது நாள் எடுக்கவில்லை. நாவலப்பிட்டியிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நுவரெலியா மாவட்டம் வந்துவிடும். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறக்காதது என் குற்றமா என்று உம்மாவிடம் கேட்டேன். நான் கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு போட்டி போட வேண்டும், அவள் போட வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

கோபத்தோடுதான் இந்த முறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்குப் பிரிகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியா உண்டு, கண்டி இல்லை.

இன்னும் பின்னால் போனால் 1970 களின் தொடக்கம். 'தரப்படுத்தல்' என்ற சொல் நம் வீட்டுப் பெரியவர்களின் முகத்தை மாற்றுவது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. 1973 இல் மொழிமூலத்தின்படி பரீட்சார்த்திகளைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்துப் புள்ளிகளைத் தரப்படுத்தினார்கள். 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படித்த எத்தனையோ பேருக்கு வாசல் அடைபட்டது. பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகள் சிலருக்கு முதன்முறையாக ஒரு வாசல் திறந்தது. அந்தக் காயம் இந்த நாட்டை எங்கே கொண்டுபோனது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

அதற்கு நேர்மாறான ஒன்று 2011 இல் நடந்தது. அந்த வருட உயர்தரத்தில் சிலர் புதிய பாடத்திட்டத்திலும், மீண்டும் தோற்றியவர்கள் பழைய பாடத்திட்டத்திலும் எழுதினார்கள். வினாத்தாள்கள் வேறு வேறு. ஆனால் இரு சாராரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பை இரத்துச் செய்து, இரு கூட்டத்தையும் வேறாக எடுத்துக் கணிக்கும்படி உத்தரவிட்டது.

ஒரு முறை பிரித்தது காயமானது. மறுமுறை சேர்த்தது பிழையானது. இரண்டிலும் கூட்டல், கழித்தல், வகுத்தல் சரியாகத்தான் நடந்திருக்கும். எந்தக் கூட்டத்துக்கு இடை எடுப்பது என்பதைச் சூத்திரம் சொல்வதில்லை. அதை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். வாப்பா அன்று கேட்டது இதைத்தான் என்பது எனக்கு அப்போது உறைத்தது.

பத்தாம் நாள் ரயிலேறி ஹட்டனுக்குப் போனேன். வட்டவளையில் மழை கண்ணாடியை மறைத்தது. சாச்சி மகள் வாசலிலேயே நின்றாள். "ஏன் போன் எடுக்கல்ல?" என்று கேட்கவே இல்லை. அவளுடைய மேசையில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. திறந்தேன். உள்ளே என் கையெழுத்து.

எனக்கு மறந்தே போயிருந்தது. அவளுடைய பாடசாலையில் புள்ளிவிபரவியலுக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக ஆசிரியர் இல்லை. என் குறிப்புகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பாள். நானும் அனுப்புவேன். அவள் ஒவ்வொன்றையும் அச்செடுத்துத் துளையிட்டுக் கோத்து வைத்திருந்தாள். நாணயம் சுண்டிய நாளின் குறிப்பும் இருந்தது. பக்கத்தில் பென்சிலால், "வீட்டில் தனியாக 100 தரம் சுண்டிப் பார்த்தேன்" என்று எழுதி, புள்ளடி போட்டு மணி உருவமும் வரைந்திருந்தாள்.

எனக்கு டீச்சரும் முழு வகுப்பும் இருந்தன. அவளுக்கு ஒரு நாணயமும் என் கிறுக்கல் எழுத்தும். அவளை என்னோடு சேர்த்து ஒரே கூட்டத்தில் வைத்து, யார் எண் பெரிது என்று பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் கட்டிப்பிடித்து முபாரக் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அதற்காக மாவட்டக் கோடு முழுக்கச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. கண்டி நகரத்தின் பிள்ளையும் நாவலப்பிட்டிக்கு மேலே மலையில் இருக்கும் பிள்ளையும் ஒரே கூட்டம் என்று அந்தக் கோடு சொல்கிறது. அது எனக்கு இன்னும் விளங்கவில்லை. டீச்சரிடம் கேட்டபோது, "எங்கயாவது ஒரு கோடு போடத்தான் வேணும். கோட்டுக்குப் பக்கத்தில் யாராவது நிக்கத்தான் செய்வாங்க. அதை விடச் சரியான கோட்டை நீங்க படிச்சிட்டு வந்து போடுங்க" என்றார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் எண்ணைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு வைத்துப் பார்க்க முன், என் வாப்பா கேட்ட கேள்வியை ஒரு முறை கேளுங்கள். தங்கைமாரே, அதே கேள்வியை நீங்கள் வென்ற நேரத்திலும் கேளுங்கள். நான் ஏ எடுத்தபோது கேட்கவில்லை.

செகண்ட் ஷை எழுதி முடித்துவிட்டேன். இதை எழுதும்போது பெறுபேறு இன்னும் வரவில்லை. பின்னேரங்களில் கடையில் நிற்கிறேன். போன கிழமை புறக்கோட்டைக்குப் போக முன், கணக்கை என்னை எழுதச் சொன்னார் வாப்பா. 54 இல் எட்டு, இரு பக்கமும் ஆறு ஆறு, பிறகு இரண்டு இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுப் பேனையை வாங்கி அடியில், '60 - ஒன்று' என்று சேர்த்தார்.

"அது விக்காதே வாப்பா. வருசத்தில ஒரு ஆள்தானே வாற?"

"அந்த ஆளும் உடுக்க வேணும் தானே" என்றார்.